கடன் தள்ளுபடியும் கிருபையும்

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. ஊருக்கே தெரிந்த ஒரு முரடன் இருப்பான். குடிப்பான், வீட்டுக்காரியை அடிப்பான், பக்கத்து நிலத்து வரப்பை வருஷத்துக்கு ஒரு விரல் வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்குவான். திடீர்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கையில பைபிளோட ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிடுவான். ஞானஸ்நானமும் வாங்கிடுவான். அப்போ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்பார்கள்: "பண்றதெல்லாம் பண்ணிட்டு, தண்ணியில முழுகி எழுந்தா எல்லாம் சரியாப் போச்சா?"

பாதிரியாரிடம் இதைக் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்வார்: கிருபை. தகுதி பார்க்காமல் கடவுள் தருகிற தயவு. மனுஷன் செய்த பாவம் எவ்வளவு பெரிசோ, அதைவிடப் பெரிசு கடவுளுடைய கிருபை என்பது அவர்கள் நம்பிக்கை. பவுல் ரோமர்களுக்கு எழுதின கடிதத்தின் சாரமே அதுதான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. என் நிலத்து வரப்பில் நின்றால் மேற்கே அண்ணாமலை தெரியும். கார்த்திகை தீபத்தை அங்கிருந்தே கும்பிடுகிற குடும்பம் எங்களுடையது. ஆனாலும் பெஞ்சில் கேட்கிற அந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. கிருபை என்கிற பதிலிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ரெண்டும் எங்கே முட்டிக்கொள்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் சொசைட்டி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று போர்டில் இருக்கும். எங்களுக்கு அது சொசைட்டிதான்.

2021 பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டசபையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார். 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். 2006-இல் கலைஞர் ஆட்சியிலும் ஒரு பெரிய தள்ளுபடி நடந்தது. பட்டணத்து நண்பர்கள் இதைச் செய்தியாக மட்டும் படித்திருப்பீர்கள். ஊரில் அன்றைக்கு ரெண்டு விதமான முகம் இருந்தது. கடன் பாக்கி வைத்திருந்தவன் முகத்தில் வெளிச்சம். நகையை அடகு வைத்து, மல்லாட்டை விற்ற காசைப் போட்டு, கெடு தேதிக்கு முன்னாடியே கட்டி முடித்தவன் முகத்தில் கறுப்பு. "ஒழுங்கா கட்டினவன் ஏமாளியா?" இந்தக் கேள்வி அன்றைக்கு ஊர் ஊராகக் கேட்டது.

முரடன் ஞானஸ்நானம் வாங்கினபோது பெஞ்சில் கேட்ட கேள்வியும் இதுவும் ஒண்ணுதான். தள்ளுபடி வாங்கினவன் மேல் யாருக்கும் பெரிய கோபம் கிடையாது. நான் கஷ்டப்பட்டு நேர்மையாக இருந்ததற்கு என்ன மதிப்பு என்பதுதான் கேட்பவனுடைய வலி. அந்த வலியைப் பொறாமை என்று சொல்லி ஒதுக்கக் கூடாது.

தள்ளுபடியில் இன்னொரு விஷயமும் உண்டு. கடன் காற்றில் கரைந்து போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிக் கரையாது. சொசைட்டியின் பணம் யாரோ போட்ட டெபாசிட்டும், மேல் வங்கியிலிருந்து வந்த பணமும். நான் கட்டாத தொகையை அரசு கட்டியாக வேண்டும். அரசின் பணம் ஊர்ப் பணம். என் பேரில் இருந்த கடன் இன்னொருவர் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான். கணக்குப் புத்தகம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தள்ளுபடி எனக்கு இலவசம். தருகிறவருக்கு இலவசம் கிடையாது.

கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான் என்று எனக்குப் படுகிறது. பாவத்துக்கு விலை இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. விலை உண்டு, அதைக் கடவுளே தன் மேல் போட்டுக்கொண்டார் என்கிறார்கள். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். ஆனால் 'முழுகி எழுந்தா போதும்' என்கிற மலிவான சரக்கு அந்தப் போதனையில் கிடையாது என்பதையாவது எதிர்த் தரப்பு ஒத்துக்கொள்ள வேண்டும்.

இயேசுவே பாவத்தைக் கடன் என்ற சொல்லால் பேசியவர்தான். மத்தேயு சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. ஒரு ராஜாவுக்கு அவருடைய வேலைக்காரன் பத்தாயிரம் தாலந்து பாக்கி. கட்ட வழியில்லை. காலில் விழுகிறான். ராஜா மனமிரங்கி மொத்தத்தையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய சக வேலைக்காரனைப் பார்க்கிறான். கழுத்தைப் பிடிக்கிறான். அவனும் காலில் விழுகிறான். இவன் விடவில்லை, ஜெயிலில் போடுகிறான். ராஜாவுக்குச் சேதி போகிறது. விட்ட கடன் திரும்ப இவன் தலையில் வந்து விழுகிறது.

இதைச் சும்மா படித்தால் ஒரு நீதிக்கதை. விவசாயிக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் பத்தாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. நூறு வெள்ளிப்பணம் 100 நாள் கூலி. எங்க ஊர் ஜனங்களுக்குச் சொல்லணும்னா, நூறு நாள் வேலையில் ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற சம்பளம். அதே நூறு நாள் வேலைக்குப் போய் 6 கோடி நாள் கூலியை அடைக்கணும்னா 6 லட்சம் வருஷம் ஆகும். யாராலும் முடியாது. அதுதான் கதையின் உயிர். கடவுளுக்கு நாம் தரவேண்டியது அடைக்க முடியாத கடன். அடுத்த மனுஷன் நமக்குத் தரவேண்டியது நிஜமான கடன்தான், ஒரு வருஷ உழைப்பு, சின்னது என்று சொல்ல முடியாது. ஆனால் நமக்கு விடப்பட்டதோடு வைத்துப் பார்த்தால் தூசு.

ஆக, கிருபை வாங்கினவனுக்குப் பரீட்சை கோயிலுக்குள் கிடையாது. வெளியே தெருவில், தனக்குக் கடன்பட்டவனை எதிரில் பார்க்கும்போதுதான் பரீட்சை.

இந்த மண்ணுக்கு இது அந்நியச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஜெர்மனிக்காரர் சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினபோது, 'தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு' என்கிற எண்ணத்தைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அருள், கருணை, தயை, கிருபை, பிரசாதம் எல்லாம் ஏற்கெனவே பக்தர்கள் வாயில் புழங்கிக்கொண்டிருந்தவை. கத்தோலிக்கர்கள் பழைய புத்தகங்களில் இஷ்டப்பிரசாதம் என்று எழுதினார்கள், இப்போது அருள் என்கிறார்கள். புராட்டஸ்டண்டுகளுக்குக் கிருபை. நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, பிற்பாடு 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை எழுதினபோது, சின்ன வயசில் கேட்டு வளர்ந்த பக்தித் தமிழையே எடுத்து ஆண்டார். வைணவர்களுக்குள்ளேயே ஒரு பழைய வாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும். பகவானை அடைய மனுஷன் முயற்சி வேண்டுமா, அவன் அருள் ஒன்றே போதுமா என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்த ஊர் நம்முடையது.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? எங்களிடமிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் திருவண்ணாமலை கோயில். உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம். அருணகிரிநாதர் கதையை அங்கே எந்தக் கடைக்காரரும் சொல்வார். சொத்தையெல்லாம் தப்பான வழியில் அழித்து, உடம்பும் கெட்டு, வாழ்ந்தது போதும் என்று கோபுரத்தின் மேலிருந்து குதித்தவரை முருகன் கையில் ஏந்திக்கொண்டதாக ஐதீகம். கவனியுங்கள், முதலில் திருந்து, அப்புறம் பிடிக்கிறேன் என்று முருகன் சொல்லவில்லை. விழும்போதே பிடித்துவிட்டார். திருப்புகழ் அதற்கப்புறம்தான் வந்தது. இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வருகிற நாம், அதே மாதிரி ஒரு கதை பக்கத்துத் தெரு முரடனுக்கு நடந்தால் மட்டும் சந்தேகப்படுகிறோம். ஐந்நூறு வருஷம் முன்னாடி இருந்த பாவியை மன்னிப்பது சுலபம். அவர் நம் வரப்பை வெட்டவில்லை பாருங்க.

இந்த இடத்தில்தான் பைபிளில் எனக்குப் பிடித்த ஆள் வருகிறான். கெட்ட குமாரன் கதை எல்லாருக்கும் தெரியும். லூக்கா 15. அப்பன் உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்து வாங்கிக்கொண்டு, வெளியூர் போய் அழித்துவிட்டு, பன்னி மேய்த்து, பசி தாங்காமல் திரும்பி வருகிற சின்ன மகன். அப்பா ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொள்கிறார், விருந்து வைக்கிறார். எல்லாரும் இவனைப் பற்றியே பேசுவார்கள். நான் பார்ப்பது பெரிய மகனை. விருந்து நடக்கும்போது அவன் எங்கே இருந்தான் தெரியுமா? வயலில். வேலை முடித்து வீட்டுப் பக்கம் வரும்போது மேளச் சத்தம் கேட்கிறது. விஷயம் தெரிந்ததும் உள்ளே போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான். இத்தனை வருஷம் மாடாக உழைத்தேனே, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது அடித்தீர்களா என்று அப்பனைக் கேட்கிறான்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சொசைட்டியில் கெடுவுக்கு முன்னாடி கட்டினவனும் அவனும் ஒரே ஆள். அப்பன் அவனைத் திட்டவில்லை என்பதைக் கவனிக்கணும். அவரே வாசலுக்கு வந்து கெஞ்சுகிறார். என்னுடையதெல்லாம் உன்னுடையதுதானே என்கிறார். கதை அதோடு நின்றுவிடுகிறது. பெரியவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவே இல்லை. வாசலில் நிற்கிற அந்த ஆள் நாமதான் என்பதால்தான் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

கதை கதையாகவே இருந்தால் பேசுவது சுலபம். நிஜத்தில், பறிகொடுத்தவர் வாசல் தாண்டி உள்ளே போனது உண்டா? உண்டு. நம் நாட்டிலேயே, விவசாயக் கடன் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்திலேயே நடந்திருக்கிறது.

கேரளாவில் புல்லுவழி என்கிற ஊரில் 1954-இல் பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையின் கன்னியாஸ்திரீ. மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்தில் உதய்நகர் பக்கத்து ஆதிவாசி ஜனங்களோடு வேலை செய்தார். ஜனங்கள் வட்டிக்காரர்களிடமும் நிலக்காரர்களிடமும் தலைமுறையாக மாட்டிக்கொண்டிருந்த இடம். அரசுத் திட்டங்கள் என்ன, வங்கிக் கடன் எப்படி வாங்குவது, சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். வட்டிக்காரனுக்கு அதைவிடப் பெரிய எதிரி யார்? 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி ஓடுகிற பஸ்ஸில், பயணிகள் கண்ணெதிரே, சமந்தர் சிங் என்கிற ஆள் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடம்பில் ஐம்பதுக்கும் மேலே காயம். ஏவிவிட்டவர்கள் வேறே இருந்தார்கள். ஜெயிலுக்குப் போனது இவர்.

ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் அதே சபையில் கன்னியாஸ்திரீ. 2002-இல் ஜெயிலுக்குப் போய், அக்காவைக் கொன்ற அதே கையில் ராக்கி கட்டினார். சகோதரன் என்று ஏற்றுக்கொண்டார். தன்னை ஏவிவிட்டவர்களை வெளியே போனதும் பழிவாங்க வேண்டும் என்ற வெறியோடு ஜெயிலில் இருந்ததாக சமந்தர் சிங்கே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த வெறி அதோடு அடங்கியது. அவர் விடுதலைக்காகக் குடும்பத்தாரும் சபையும் மன்றாடினார்கள். 2006-இல் வெளியே வந்தார். அப்புறம் கேரளாவுக்குப் போய் ராணி மரியாவின் தாயாரைப் பார்த்தார். மகளைக் கொன்ற கையை அந்த அம்மா முத்தமிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது, கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார்.

இதைக் கிருபை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால் அந்த அம்மா, அந்தத் தங்கை, அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்லணும். ராக்கி கட்டினதால் அக்கா திரும்பி வரவில்லை. நஷ்டம் முழுக்க அவர்கள் கணக்கிலேயே நின்றது. தள்ளுபடி செய்கிறவர்தான் கட்டுகிறார் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒடிசாவில் மனோகர்பூர் கிராமத்தில் 1999 ஜனவரி 22 நள்ளிரவு வாக்கில், தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயசும் ஆறு வயசுமான ரெண்டு பையன்களையும் வண்டியோடு வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் சட்டம் தன் வேலையைச் செய்வதற்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. மன்னிப்பு வேறு, சட்டம் தரும் தண்டனை வேறு என்று தெளிவாக இருந்தார். 2003-இல் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்குத் தூக்கு விதித்தது, 2005-இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. சம்பவத்துக்கப்புறமும் சில வருஷம் அதே தொழுநோயாளிகளோடு இருந்துவிட்டுத்தான் கிளாடிஸ் ஆஸ்திரேலியா திரும்பினார்.

இந்த ரெண்டு பெண்களையும் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். மன்னிக்கிற உரிமை பறிகொடுத்தவருக்கு மட்டும்தான் உண்டு. அதை வேறே யாரும் அவர் சார்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் நடக்கிற பெரிய அக்கிரமம் இங்கேதான். பெண்டாட்டியை இருபது வருஷம் அடித்தவன், "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார்"னு மேடையில் சாட்சி சொல்கிறான். கூட்டம் கை தட்டுகிறது. அந்தம்மா மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் யாராவது கேட்டார்களா? எங்க பக்கத்துக் கோயில்களிலும் இதே கதைதான். ஊர்ப் பணத்தைத் தின்றவன் கும்பாபிஷேகத்துக்கு உபயம் கொடுத்துக் கல்வெட்டில் பேர் போட்டுக்கொள்கிறான். மதம் எதுவாக இருந்தாலும், பறிகொடுத்தவரைத் தாண்டிப் போய்க் கடவுளிடம் நேராகச் செட்டில் பண்ணுகிற வழி நமக்கு ரொம்ப சவுகரியமாக இருக்கிறது.

அப்படியானால் கிருபை வாங்கினவன் என்ன செய்யணும்? அதற்கும் லூக்காவிலேயே ஒரு ஆள் இருக்கிறான். 19-ஆம் அதிகாரத்தில் வருகிற சகேயு. வரி வசூலிப்பவன், ஜனங்களைச் சுரண்டிப் பணக்காரன் ஆனவன். இயேசு அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார். ஊரே முணுமுணுக்கிறது. சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வந்தார். வந்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த வரிசை விவசாயிக்கு நல்லாத் தெரியும். நான் உழுதேன் என்பதற்காக மழை வராது. ஒழுங்கானவன் நிலத்துக்கும் திருடன் நிலத்துக்கும் ஒரே மழைதான். இயேசுவும் அதைச் சொல்லியிருக்கிறார். நல்லவர் ஒருவருக்காகப் பெய்கிற மழை எல்லாருக்கும் என்று நம்ம ஔவையாரும் சொல்லியிருக்கிறார். ஆனால் மழை பெய்த மறுநாள் ஏர் பூட்டாதவன் நிலத்தில் என்ன முளைக்கும்? கோரையும் அருகும்தான். மழை குறையுள்ளது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது ஒரு உண்மை. விதைத்தவன் எவனாக இருந்தாலும் அவன் கையில் இல்லாத ஒன்று மேலிருந்து வர வேண்டும் என்பது இன்னொரு உண்மை. ரெண்டையும் ஒரே வயலில் தினம் பார்க்கிறவன் விவசாயி. இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுகிறவர்கள் வயலைப் பார்க்காதவர்கள்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் பாவிகள், யாரும் சொந்தத் தகுதியால் வரவில்லை, எல்லாருக்கும் கிடைத்தது தள்ளுபடிதான் என்பது உங்கள் போதனை. அதை நிஜமாகவே நம்பினால், கோயிலுக்குள் முன் வரிசை, பின் வரிசை எங்கிருந்து வரும்? நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டின கோயிலை ஜனங்கள் கால்சட்டைக் கோயில் என்றே சொல்வார்கள். ஒரு சாதி ஒரு காலில், இன்னொரு சாதி மறு காலில், நடுவில் சுவர், ரெண்டும் பீடத்தில் போய்ச் சேரும். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒரே சாமியைக் கும்பிடலாம். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். சுவர் திரும்ப வரவில்லை. ஆனால் இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. ஆறு கோடி நாள் கூலியைத் தள்ளுபடி வாங்கினவர்கள், செத்தவனைப் புதைக்க ஆறடி நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்கள் பக்கமும் ஊர் வேறு, காலனி வேறு, சுடுகாடு வேறுதான். கோபுரத்திலிருந்து விழுந்தவரைப் பிடித்த முருகனைக் கும்பிடுகிறவர்கள்தான் நாங்களும். அதனால்தான் இதை உங்கள் மதப் பிரச்சனையாக எழுதவில்லை. மேலே இருந்து வரும்போது கை நீட்டி வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் கொடுக்கும்போது கையை மூடிக்கொள்கிற வியாதி ரெண்டு பேருக்கும் பொது.

டீக்கடை பெஞ்சுக்கு என் பதில் இதுதான். முழுகி எழுந்தவனைக் கேலி செய்ய வேண்டாம். அவன் அதுக்கப்புறம் வெட்டின வரப்பைத் திரும்பக் கட்டுகிறானா, பெண்டாட்டி முகத்தில் பயம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால், எந்தச் சாமி செய்தால் என்ன, அது நடந்திருக்கிறது என்று ஒத்துக்கொள்ளுங்கள். கூடவே, அவனால் அடிபட்டவர் இன்னும் மன்னிக்கத் தயாராக இல்லை என்றால், அவரை அவசரப்படுத்தாதீர்கள். அப்பனே வாசலுக்கு வந்து பெரிய மகனிடம் கெஞ்சினார், கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளவில்லை.

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது ஊரில் ஒரு பூர்வீக நிலம் இருக்கும். அந்தப் பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனோ தம்பியோ பங்காளியோ இருப்பார். பத்து சென்ட், ஒரு கிணற்றில் கால் பங்கு, அப்பா சாவுக்கு யார் எவ்வளவு செலவு செய்தார் என்கிற கணக்கு. நீங்கள் சொல்கிற நியாயம் சரியாகவே இருக்கும். நூறு வெள்ளிப்பணம் நிஜமான பணம்தான் என்று நானும் சொன்னேன். வழக்கு போட வேண்டிய விஷயமாக இருந்தால் போடுங்கள், கிளாடிஸ் அம்மாவும் கோர்ட்டைத் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகாமல் ஒரு நிமிஷம் நின்று, ஒரு சொம்பு தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.